வழக்கும் வழக்காறும்



தமிழ் மொழியிலே ‘வழக்கு’ என்பது இருபொருள் தரும் ஒரு சொல். ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவரும் ஒழுங்குக்கும் வழக்கு என்று பெயர். அவ்வொழுங்கிலே பிணக்குத் தோன்றியவிடத்து மன்றிலே நடைபெறும் விவகாரத்துக்கும் வழக்கு என்றே பெயர். எங்கள் கல்முனைக் கரையிலே சட்டம் வளர்ந்த வரலாற்றை அறிய விரும்புவோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், முதலாவது வழக்கு இரண்டாவது வழக்காக மாறிய கதையே அவ்வரலாறு.

இப்பொருள் பற்றிப் பேச வேண்டுமென்ற எண்ணம் எனக்கு ஒரு தாயால் உண்டாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், பாடசாலை விடும் வேளையிலே, மாணவி ஒருத்தியின் தாய் கையிலே இரண்டு கடதாசிகளுடன் என் கந்தோருக்கு வந்தார். தகப்பன் விட்டுச் சென்ற தென்னந்தோட்டம் ஒன்று அவர் கையில் இருந்தது. உறவினர் ஒருவர் அதிலே பங்கு கேட்டு வேலியை வெட்டியதால் கலகம் மூண்டு, பொலிசார் விடயத்தை நீதிவான் முன் வைத்தனர். தோட்டம் அத்தாயின் வசமே இருக்க வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. முதற் கடதாசி அது. இரண்டாவது கடதாசி மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்தது. “சேர், அந்த வழக்கு எனக்குத்தானே தீர்ந்தது? பொறகு என்ன இந்தக் கடதாசி?” என்று அவர் கேட்டார்.

வாங்கிப் படித்தேன். அதே தோட்டத்தைப் பற்றி அவ்வுறவினர் மாவட்ட நீதிமன்றத்திலே தொடுத்த வழக்கில், இவர் தோன்றாமையால் ஒருதலை விசாரணை நடைபெற்று இவருக்கு மாறாகத் தீர்ப்பாகியிருந்தது. அழைப்பாணை வந்த காலத்தில் இவர் நோயுற்ற தம் தாயாருடன் வெளியூர் வைத்தியசாலையில் தங்கியிருந்திருக்கிறார். வீட்டார் அதைப் பழைய வழக்கின் கடதாசி என்றெண்ணி அலுமாரியிலே வைத்துவிட்டனர். தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு ஒன்பது நாட்கள் கழிந்திருந்தன. எஞ்சியிருந்தவை ஐந்து நாட்களே. அந்த ஐந்து நாட்களின் பொருளை இப்பேச்சின் இறுதியிலே கூறுவேன்.

ஒரே காணி, ஒரே இரு தரப்பார், எனினும் இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு வெவ்வேறு வினாக்கள். இது எவ்வாறு அமைந்ததென அறிய, முதலில் குற்றவியல், குடியியல் என்னும் இரு பிரிவுகளையும் விளங்கிக்கொள்ளல் நன்று.

மருதமுனையிலே கைத்தறி நெய்யும் ஒருவரிடம் மற்றொருவர் கடனாக நூல் வாங்குகிறார். தவணை கடந்தும் பணம் கொடுக்கவில்லை. இது இருவருக்கிடைப்பட்ட விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்காளி; வாங்கியவர் எதிராளி. நீதிமன்றம் கடனைக் கொடுக்குமாறு பணிக்கும். கொடாமைக்காகச் சிறையிலிடுவது அவ்வழக்கின் நோக்கமன்று. இது குடியியல். வேறொருவர் இரவிலே கதவை உடைத்து அதே நூலை எடுத்துச் செல்கிறார். இப்பொழுது துன்புற்றவர் நெசவாளர் ஒருவரேயாயினும், குலைந்தது ஊரின் அமைதி. ஆகவே வழக்கைத் தொடுப்பது அரசு. குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு எங்கள் நீதிமன்றத் தமிழில் எதிரி என்று பெயர். இது குற்றவியல்.

ஒரே நிகழ்ச்சி இரண்டு பிரிவிலும் விழுதல் கூடும். பிரதான வீதியிலே கவனயீனமாக வண்டியோட்டி ஒருவரின் காலை முறித்தவர் நீதிவான் நீதிமன்றத்திலே குற்றத்துக்கு விடை கூறுவார். காயமுற்றவரின் நட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றத்திலே விடை கூறுவார். முன்னையதில் விடுதலை பெற்றதனால் பின்னையதில் பொறுப்பில்லை என்று கொள்ள முடியாது. காரணம், இரண்டிலும் வேண்டப்படும் நிரூபணத்தின் அளவு வேறு. குற்றவியலிலே நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தல் வேண்டும். குடியியலிலே எத்தரப்பார் கூற்று நிகழ்ந்திருக்கக் கூடியதென மிகுதியாகத் தோன்றுகிறதோ அத்தரப்பார் வெல்லுவர். தராசின் தட்டு சற்றே தாழ்ந்தாலும் குடியியலுக்குப் போதும். ஒருவனைச் சிறைக்கு அனுப்ப அது போதாது.

தென்னந்தோட்டத்துக்கே திரும்புவோம். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின்படி களவு என்பது அசையும் பொருளைப் பற்றியது. ஆகவே காணியைக் களவெடுக்க எவராலும் முடியாது! அதனை அத்துமீறிப் பிடிக்கலாம். அது வேறு குற்றம். மரத்திலே நிற்கும் தேங்காய் மண்ணோடு சேர்ந்த பொருள். அது நிற்கும்வரை களவுக்கு உரியதன்று. காம்பிலிருந்து பறிக்கப்பட்ட கணத்திலே அது அசையும் பொருளாகி, களவுக்கு உரியதாகிறது. நகைப்புக்கிடமான நுணுக்கமாக இது தோன்றலாம். ஆனால் மண்ணின் உரிமையைத் தீர்ப்பது குடியியல், மண்ணிலிருந்து பிரிந்த பொருளைக் கவர்ந்தவனைத் தண்டிப்பது குற்றவியல் என்னும் வேறுபாடு இதிலே தெளிவாகக் கிடக்கிறது.

இனி வரலாற்றைப் பார்ப்போம். இன்று அம்பாறை மாவட்டம் என வழங்கும் பகுதி 1961 ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என்பன அதன் தென்பாலமைந்த பழைய பிரிவுகள். இங்கே வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாயமைந்த வழக்காறு குடிமுறை. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. ஒரே குடியில் மணம் முடித்தல் தவிர்க்கப்பட்டது. பள்ளிவாசலிலே குடிக்கொரு மரைக்காயரும், கோயிலிலே வண்ணக்கரும் முறைமைகளைப் பேணினர். திருமணமானதும் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்வான். வீடு மகளுக்கு உரியது.

மட்டக்களப்பு முக்குவரிடையே இவ்வழக்காறு சட்டமாகவே நிலவியது. முன்னோரிடமிருந்து வந்த சொத்தாகிய முதுசொம், பெண்வழியே, ஒருவன் தன் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிறிட்டோ என்னும் சட்ட அறிஞர் 1876 ஆம் ஆண்டிலே முக்குவச் சட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். விந்தை யாதெனின், அதே 1876 ஆம் ஆண்டிலே நிறைவேறிய 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை விலக்கி, ஏனையோரைப் பொதுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மட்டக்களப்பு முக்குவருக்கு விலக்குக் கிடைக்கவில்லை. ஏட்டிலே அச்சேறிய ஆண்டிலேயே அச்சட்டம் மன்றிலே வழக்கொழிந்தது எனலாம்.

பொதுச் சட்டம் என்றேனே, அது எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் 1638 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களுடன் உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டுக்கு வந்தது. 1795 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இக்கரையைத் தம்வசமாக்கினர். அவர்கள் 1799 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் நாள் விடுத்த பிரகடனத்திலே, ஒல்லாந்தர் காலத்திலிருந்த சட்டங்களும் நிறுவனங்களும் தொடர்ந்து நிலவும் என அறிவித்தனர். ஒப்புதல் வாக்குமூலம் பெறுவதற்காகச் சித்திரவதை செய்தலையும் அப்பிரகடனம் ஒழித்தது. ஒல்லாந்து தேசத்தார் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அப்பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதிய சட்டக்கோவைகளை இயற்றிக்கொண்டனர். இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலுமோ அது இன்றும் உயிர்வாழ்கிறது.

இவ்வாறு வென்றவர் தோற்றவரின் சட்டத்தை நிலைபெறச் செய்தது இங்கு மட்டுமன்று. எம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் வரலாற்றைப் பாருங்கள். பிரான்சியரின் குடியேற்றமாயிருந்த குவிபெக் பகுதி 1763 ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1774 ஆம் ஆண்டின் குவிபெக் சட்டம், சொத்து முதலிய குடியியல் விடயங்களிலே பழைய பிரான்சிய வழக்கே தொடரட்டும், குற்றவியலிலே ஆங்கிலச் சட்டம் நிலவட்டும் என விதித்தது. இன்றும் குவிபெக் மாகாணத்துக்குத் தனிக் குடியியற் கோவை உண்டு; 1866 ஆம் ஆண்டுக் கோவைக்குப் பதிலாக அமைந்த புதிய கோவை 1994 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குற்றவியற் கோவையோ 1892 ஆம் ஆண்டு தொடக்கம் கனடா முழுவதற்கும் ஒன்றே. இல்லற வாழ்விலும் நிலபுலத்திலும் மக்களின் வழக்காறு நிலைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் மட்டும் ஆட்சியாளனின் கையிலிருக்க வேண்டும் என்பதே அக்கால அரசினரின் கொள்கை.

இலங்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. முஸ்லிம்களின் திருமணம், மரபுரிமை பற்றிய விதிகள் 1806 ஆம் ஆண்டிலே கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கெனக் கோவையாக வெளியிடப்பட்டன. அலெக்சாந்தர் ஜோன்சுதன் என்பார் இதன் பொருட்டு உழைத்தவர். 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அக்கோவை தீவு முழுவதற்கும் விரிந்தது. கல்முனை முஸ்லிம்களுக்கு எழுத்து வடிவிலான தனியார் சட்டம் வந்து சேர்ந்த வழி இதுவே. பின்னர் 1931 ஆம் ஆண்டிலே இறுதி விருப்பின்றி இறந்த முஸ்லிம்களின் சொத்துரிமை பற்றிய 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1951 ஆம் ஆண்டிலே முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னையதன் கீழ் இயங்குபவையே எங்கள் காழி நீதிமன்றங்கள். பெண்ணுக்குரிய மஹரையும், மணமகளின் நன்மைக்கென மணமகனிடம் கொடுக்கப்பட்ட கைக்கூலியையும் அங்கே மீட்கலாம்.

குற்றவியலிலே இத்தகைய வேறுபாடுகளுக்கு இடமில்லை. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவருக்கும் களவு ஒன்றே, கொலை ஒன்றே. 1889 ஆம் ஆண்டிலே குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையும், 1895 ஆம் ஆண்டிலே சான்றுக் கட்டளைச் சட்டமும் வந்தன. பொலிஸ் உத்தியோகத்தரிடம் எதிரி கூறிய குற்ற ஒப்புதலை அவனுக்கு மாறாக நிரூபித்தலாகாது என்பது அச்சான்றுச் சட்டத்தின் பொது விதி. சித்திரவதையை ஒழித்த 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் பயனை இவ்விதி காவல் செய்கிறது என்று கூறினும் பொருந்தும்.

தண்டனை என்பது யாது என்னும் வினா, எங்கள் கல்முனையிலிருந்தே புறப்பட்டு இலண்டன் வரை சென்ற செய்தி இளைய நேயர்கள் பலர் அறியாதது. 1965 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கல்முனைத் தொகுதியில் தெரிவானவர் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர். அதற்கு முன் நடைபெற்ற இலஞ்ச விசாரணை ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, அவ்வாண்டிலே 14 ஆம் இலக்கக் குடிமைத் தகைமையீனச் சட்டம் நிறைவேறியது. அதனால் அவர் தம் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். நீதிமன்ற விசாரணையின்றிப் பாராளுமன்றமே ஒருவரைத் தண்டித்தல் நீதித்துறையின் அதிகாரத்தைக் கவர்வதாகும் என்பது அவர் தரப்பு வாதம்.

அவ்வாதத்துக்கு வலுவான ஆதாரம் ஒன்றிருந்தது. 1962 ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வழக்கின் எதிரிகளுக்கென்றே முற்காலத்துக்கும் செல்லுபடியாகுமாறு இயற்றப்பட்ட தனிச் சட்டத்தை, லியனகே வழக்கிலே கோமறைக் கழகம் 1965 டிசெம்பரிலே செல்லாததெனத் தீர்ப்பளித்திருந்தது. எனினும் 1967 ஆம் ஆண்டிலே காரியப்பர் வழக்கில் அக்கழகம் வேறுவிதமாகத் தீர்த்தது. பொது மன்றங்களின் தூய்மையைப் பேணுதற்கு விதிக்கப்பட்ட தகைமையீனம் குற்றத்துக்கான தண்டனை ஆகாது. அச்சட்டம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வேண்டிய பெரும்பான்மையுடன் நிறைவேறியதுமாகும் என்றது. ஒருவரின் உரிமையைப் பறிப்பன எல்லாம் சட்டத்தின் கண்ணிலே தண்டனை ஆவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அது சரியா, தவறா என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால் குற்றவியல் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லைக்கோட்டை வரைந்த பெரும் வழக்குகளுள் கல்முனைக்கும் ஓரிடம் உண்டென்பதை எங்கள் மாணவர் அறிதல் வேண்டும்.

காணிக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இந்நாட்டின் காணி வாழ்வையே மாற்றியது. காணியை விற்பதாயினும் நன்கொடையாகக் கொடுப்பதாயினும், நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளுடன், எழுத்திலே உறுதி முடித்தல் வேண்டும் என அது விதித்தது. வாய்ச்சொல்லும் வெற்றிலையும் கொண்டு தீர்ந்த காலம் அத்துடன் சென்றது. வழக்காறு மன்றிலே மதிப்பிழந்த பின்னரும் ஊரிலே உயிர் தரித்தது எவ்வாறெனின், இந்த உறுதியின் துணையாலேயாம். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்னும் குடிவழக்கு எந்தச் சட்டக்கோவையிலும் இல்லை. முஸ்லிம் மரபுரிமைச் சட்டத்தின்படி தந்தை இறந்த பின் மகனுக்குள்ள பங்கு மகளின் பங்கைப் போல் இருமடங்கு. ஆயினும் எங்கள் ஊர்களிலே தந்தை தாம் உயிருடன் இருக்கும்போதே நன்கொடை உறுதியால் மகளுக்கு வீட்டையும் வளவையும் எழுதிவைக்கிறார். முக்குவச் சட்டம் 1876 ஆம் ஆண்டிலே ஓய்ந்தது. அதற்கு அடிப்படையாயிருந்த பெண்வழிப் பற்றோ நொத்தாரிசின் முத்திரைக்குக் கீழே இன்றும் வாழ்கிறது.

உறுதி முடிக்காது விட்ட குடும்பங்களுக்கே தொல்லை. தந்தை இறந்ததும் பிள்ளைகள் யாவரும் பிரிக்கப்படாத பங்காளிகள் ஆகின்றனர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்தாண்டு காலம் தடையின்றி, இடையீடின்றி, மற்றவரின் உரிமைக்கு மாறாக ஒரு காணியை ஆண்டால் அது அவருக்கு உரித்தாகும். பத்தாண்டு தேங்காய் பறித்துவிட்டேன், தோட்டம் எனதே என்று பலர் கருதுகின்றனர். பங்காளிகளிடையே இவ்விதி அவ்வளவு எளிதில் ஏறாது. கொறயா எதிர் இசேரிஸ் அப்புகாமி என்னும் வழக்கிலே 1911 ஆம் ஆண்டு கோமறைக் கழகம், ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே என்று தீர்த்தது. மற்றவரை வெளிப்படையாக விலக்கிய நிகழ்ச்சி ஒன்றை நிரூபித்தாலன்றிக் காலம் மட்டும் உதவாது. பங்காளிகள் பிரிந்துகொள்ள விரும்பின் பங்கீட்டு வழக்கே வழி. அதற்குரிய சட்டம் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டம்.

இத்தகைய பிணக்குகளிலே கைகலப்பு நேரும் அச்சம் ஏற்பட்டால் பயன்படுவது, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு. ஆரம்ப நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தும் நீதிவான் அங்கே கேட்பது ஒரே கேள்வி: தகவல் மன்றுக்கு வந்த நாளிலே காணி யார் கையில் இருந்தது? அதற்கு முந்திய இரண்டு மாதத்துள் எவரேனும் வலிந்து வெளியேற்றப்பட்டனரா? உறுதி யாருடையது, பங்கு எத்தனை என்பவற்றை அவர் தீர்ப்பதில்லை. தகுதியுள்ள வேறொரு மன்று உரிமையைத் தீர்க்கும்வரை அமைதியைக் காப்பதே அக்கட்டளையின் பயன். கடலோரத்துக்கு அணை கட்டியது போன்றது அது. கடல் யாருடையதென அணை கூறாது.

கடல் என்றதும் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளை இக்கரையில் எவரால் மறக்க முடியும்? இலங்கை முழுவதிலும் ஆழிப்பேரலையால் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களிலே மனிதரோடு உறுதிகளும் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடித்துச் செல்லப்பட்டன. உடல் கிடையாதவரின் மரணத்தைப் பதிவதற்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கும் 2005 ஆம் ஆண்டிலே தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. மரணச் சான்றிதழ் இல்லாத வீட்டிலே வாரிசு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை என்பதை அன்றைய மக்கள் துன்பத்தினூடே கற்றனர். உறுதி தொலைந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நொத்தாரிசு தம்மிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கையிலிருந்த கடதாசி போயினும் உரிமை போகவில்லை.

போர்க்காலத்திலும் இவ்வாறே. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் உரிமையை மன்றிலே நாட இயலாதிருந்தோருக்கு அக்காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலே சேராதபடி 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அதற்கென வழக்குத் தொடரக் குறித்த தவணை இருந்தது. அறிந்தோர் பயன்பெற்றனர், அறியாதோர் இழந்தனர்.

அறிவதற்கு மொழி வேண்டும். பல காலம் எங்கள் மன்றுகளிலே ஆங்கிலம் ஆண்டது. 1961 ஆம் ஆண்டிலே நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்துக்கு இடந்தந்தது. 1988 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம், சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்றும், தமிழ் நிருவாக மொழியாகவுள்ள பகுதிகளின் மன்றுகளிலே தமிழே வழங்க வேண்டும் என்றும் தெளிவாக்கியது. மன்றுத் தமிழின் சொற்களை நோக்கினால் எங்கள் வரலாறு முழுவதும் அதிலே தெரியும். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. வாரிசும் காழியும் அரபுமொழி தந்தவை. விறாந்து ஆங்கிலத்தின் திரிபு. சாட்சி வடமொழி. உறுதியும் பிணையும் தமிழ். இத்தனை வழிகளில் வந்த சொற்களையும் ஒரு தாய் ஒரே மூச்சிலே பேசுகிறார். ஆனால் அவற்றின் வேறுபாட்டை அவருக்குக் கற்பித்தவர் யார்? பாடசாலைகளில் நாம் கற்பித்தோமா?

அந்தத் தாயின் கதையை முடிக்கின்றேன். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, ஒருதலைத் தீர்ப்பாணை கையளிக்கப்பட்ட பதினான்கு நாட்களுள் தோன்றாமைக்கு நியாயமான காரணங் காட்டி விண்ணப்பித்தால், மன்று திருப்தியுறுமிடத்துத் தீர்ப்பாணையை நீக்கி, அவரையும் கேட்க இடந்தரும். ஒன்பது போக ஐந்து நாட்கள் எஞ்சியிருந்தன என்றேனல்லவா? அன்று மாலையே அவரைச் சட்டத்தரணி ஒருவரிடம் அனுப்பினேன். தாயாரின் வைத்தியசாலைக் குறிப்புகள் அலுமாரியிலே பத்திரமாய் இருந்தன. நான்காம் நாள் விண்ணப்பம் மன்றை அடைந்தது. பின்னர் தீர்ப்பாணை நீக்கப்பட்டது. தோட்டம் அவருக்கே என்று எவரும் இன்னும் கூறவில்லை. உறவினருக்கும் அதிலே பங்கிருக்கலாம். அதை மன்று தீர்க்கட்டும். அவர் சொல்லும் கேட்கப்படும் என்பதே அந்த ஐந்து நாட்களால் கிடைத்த பேறு.

நேயர்களே, மன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு கடதாசி வருமாயின் மூன்றைப் பாருங்கள். எந்த நீதிமன்றம் அனுப்பியது? அதிலே நீங்கள் வழக்காளியா, எதிராளியா, எதிரியா, சாட்சியா? எந்த நாளுக்கு முன் விடை வேண்டப்படுகிறது? இம்மூன்றையும் அறிந்தபின் சட்டத்தரணியை நாடுங்கள். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சிறு பிணக்குகளை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளிலே பேசித் தீர்க்கவும் இடமுண்டு. மரைக்காயரும் வண்ணக்கரும் முன்னாளிலே செய்த பணியின் நிழல் அச்சபைகளிலே தெரிகிறது. எதுவாயினும், வந்த கடதாசியை அலுமாரியிலே வையாதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அன்றே கொடுத்து வாசிப்பியுங்கள்.